ஈ குடித்தால் யார் பொறுப்பு?

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிக் கொசு மாதிரி பறக்குமே, பழ ஈ, அதற்கும் சரக்கு தேவைப்படுகிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பெண் ஈ விரட்டியடிக்கும்போது.

ஜோக் இல்லை. 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 'ஸயன்ஸ்' இதழில் எழுதிய சமாசாரம். சில ஆண் ஈக்களை, ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்ட பெண் ஈக்களோடு விட்டார்கள். ஒரு மணி நேரம் வீதம் தினம் மூன்று முறை, நாலு நாள். ஒவ்வொரு முறையும் விரட்டல்தான். இன்னொரு கோஷ்டிக்குச் சம்மதிக்கிற பெண்கள். பிறகு இரண்டு கோஷ்டிக்கும் இரண்டு வகைச் சாப்பாடு வைத்தார்கள். ஒன்று சாதா, இன்னொன்று 15 சதவிகிதம் ஆல்கஹால் கலந்தது. விரட்டப்பட்டவர்கள் இரண்டாவதைத்தான் அதிகம் தேடிப் போனார்கள்.

காரணம் மூளையிலுள்ள என்.பி.எஃப். என்கிற நியூரோபெப்டைட். சின்னப் புரதத் துணுக்கு. ஒரு நரம்பு செல்லிலிருந்து கிளம்பி, இன்னொரு செல்லின் மேலிருக்கும் 'ரிசப்டர்' என்கிற பூட்டில் சாவி மாதிரி பொருந்தி வேலை செய்யும். நம் மூளையிலும் இதற்கு என்.பி.ஒய். என்று ஓர் உறவுக்காரர் இருக்கிறார். விரட்டப்பட்ட ஈக்களில் சாவி குறைந்திருந்தது. சந்தோஷமாக இருந்த ஈக்களில் பூட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். அதுகளும் குடிக்கப் போயின.

உடனே பெண் ஈ மேல் பாயாதீர்கள். முதல் ஆண் அவளுக்குள் விட்டுப்போன 'செக்ஸ் பெப்டைட்' என்ற சங்கதி, அவளுடைய ரிசப்டர் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து வருகிறவனை விரட்டச் சொல்கிறது. அவள் மறுப்பும் கெமிஸ்ட்ரிதான்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு காட்டியாக வேண்டும். இதை யார் பேரில் எழுதுவது? குடித்தவன் பேரிலா, விரட்டியவள் பேரிலா, முந்திக்கொண்டு போனவன் பேரிலா?

'எல்லாம் பிறவிக் குணம், விடுங்க சார்' என்பவர்களுக்கு ஒரு புழுவைச் சிபாரிசு செய்கிறேன். ஸி. எலிகன்ஸ் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளம், 302 நரம்பு செல். இதில் சில வகை தனியாக மேயும், சில வகை கும்பலாக. என்.பி.ஆர்-1 என்ற ஒரு ரிசப்டரில், 215-வது இடத்தில், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் வித்தியாசம் என்று 1998-ல் கண்டுபிடித்தார்கள். இதைவிடப் பிறவிக் குணம் கிடைக்குமா? ஆனால் 2004-ல் இன்னொன்று தெரிந்தது. சுற்றியுள்ள காற்றில் ஆக்ஸிஜனைக் குறைத்தால் அந்தக் கும்பல் கலைகிறது! நாம் சுவாசிக்கிற 21 சதவிகிதம் அதுகளுக்கு ஒத்துக்கொள்ளாமல்தான் ஒண்டிக்கொண்டிருந்தன. குணம் என்று பேர் வைத்ததில் காற்றுக்கும் ஒரு பங்கு.

மனுஷன் ஈயும் இல்லை, புழுவும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அபராதம் போடத்தான் வேண்டும், ரிசப்டரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஆனால் தண்டிப்பது வேறு, கேவலமாகப் பார்ப்பது வேறு. வேலை போனபின் குடிக்க ஆரம்பித்த நண்பர் ஒருவரை, 'மன உறுதி இல்லாத ஆசாமி' என்று மூணு நிமிஷத்தில் கணக்கு முடித்தவன் நான். எனக்கு மட்டும் அது நிறைய இருப்பதாக நினைப்பு. எனக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ராத்திரி லேட்டானால் 'ஏன் லேட்டு?' என்று கேட்க வீட்டில் ஆள் இருந்தது. அதையெல்லாம் என் குணத்தின் வரவில் எழுதிக்கொண்டுவிட்டேன். எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ணமாட்டார்.

ஈக்கள் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. விரட்டப்பட்டவற்றில் சிலதை, பிறகு சம்மதிக்கிற பெண்களோடு விட்டுப் பார்த்தார்கள். என்.பி.எஃப். ஏறியது. குடி குறைந்தது.