இரவுண்ணா நியமமும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும்

விரதம் என்பது உடல் நலமாயிருக்கும் நாளில் மேற்கொள்ளப்படுவது. நோய் வந்த நாளில் அதனை எங்ஙனம் காப்பது என்னும் வினா நம் முன்னோர்க்கும் இருந்ததே. ஆயினும் இரத்தப் புற்றுநோய்க்கு மூல உயிரணு மாற்று சிகிச்சை பெறுவோர் நம் இல்லங்களிலும் காணப்படும் இக்காலத்தில், அவ்வினா முன்னினும் கூர்மையாக எழுகின்றது. பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் நெடுநாள் ஆசிரியப்பணி ஆற்றிய நமக்கு, அங்கிருந்து வேலூர் சென்று இச்சிகிச்சை பெற்ற நம் சமயத்துப் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டார் எழுதிக் கேட்டனர்: பகலெல்லாம் குமட்டல், இரவு எட்டு மணிக்குத்தான் இரண்டு கரண்டி கஞ்சி உள்ளே இறங்குகின்றது, அவளோ சூரியன் மறைந்தபின் உண்ணா நியமம் உடையவள். நியமம் கெடுவதைவிடப் பட்டினி மேல் என்று அவ்வீட்டு மூத்தவர் ஒருவர் சொன்னாராம்.

முதலில் சிகிச்சையின் தன்மையை அறிதல் வேண்டும். நம் நாட்டில் இது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983ஆம் ஆண்டிலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டிலும் தொடங்கிற்று. கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, மூல உயிரணுக்களை இரத்தம் ஏற்றுவது போல ஏற்றுவார்கள். அவை வேர்கொள்ள ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். விரைந்து பெருகும் உயிரணு எதுவாயினும் அம்மருந்து தாக்குமாதலால், முடி உதிர்வதோடு வாயும் குடலின் உட்படலமும் புண்ணாகின்றன. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் அப்போது இல்லை. வேலி முறிந்த கொல்லைக்குக் காவலாளும் இல்லாத நிலை அது. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் இரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் அந்நுண்ணுயிர்கள் யாவும் பகையல்ல. நியூயார்க் முதல் ஜப்பானின் சப்போரோ வரை நான்கு நகரங்களில் 1,300க்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். பிறர் உயிரணுவைப் பெற்றவர்களுள், குடல் நுண்ணுயிர்களின் பல்வகைமை குன்றியவரிடையே இறப்பு மிகுந்திருந்தது. நார்ச்சத்தை உண்டு அவை உண்டாக்கும் அமிலங்கள் குடற்சுவரைப் பேணுகின்றன. 2019இல் வந்த மற்றோர் ஆய்வு, பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை ஒருவகைத் தீய நுண்ணுயிரைப் பெருக்குவதைக் காட்டிற்று. பாலையே பேருணவாகக் கொள்ளும் நம்மவர் இதனை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

வியப்பு யாதெனில், மருத்துவமனை தரும் விலக்குகளுட் பல நம் அடுக்களையில் முன்னரே உள்ளன. காய்ச்சிய நீர், அன்றன்று சமைத்த உணவு, தேன் விலக்கு, காளான் விலக்கு, நாட்பட்ட ஊறுகாய் விலக்கு ஆகியவற்றை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். பழைய சோறு குடலுக்கு நல்லதென்று இன்று பலரும் பேசுகின்றனர். வெள்ளணு இல்லாத நாளில் அது ஆகாது. ஆறிய சோறு நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். தயிரும் அந்நாட்களில் மருத்துவர் சொல்லாமல் தரத்தக்கதன்று. பச்சைக் காய்கனி குறித்து மட்டும் கருத்து மாறி வருகின்றது. 200க்கும் மேற்பட்டோரிடம் இத்தாலியில் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. கடுமையான விலக்கு தொற்றைக் குறைக்கவில்லை என்றது அது. ஆயினும் தத்தம் மருத்துவமனையின் விதியே நமக்கு விதி. பம்பளிமாசு மட்டும் வேண்டா. மாற்று சிகிச்சைக்குப்பின் தரும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளின் அளவை அது இரத்தத்தில் ஏற்றிவிடும்.

பெரம்பலூர் சின்ன வெங்காயம் பேர்போனது. குடல் நுண்ணுயிர்க்கு அது நல்லுணவு என்பது உண்மையே. கந்தமூலம் விலக்கியவர் அதற்காக வருந்த வேண்டியதில்லை. குடற்புண் ஆறியபின் அவரை, புடலை, வாழைக்காய், கேழ்வரகு, பயறு ஆகியவை அப்பணியைச் செய்யும். எனவே அங்கு விரதத்திற்கு இடையூறில்லை. இடையூறு இரவுணவில்தான்.

அருங்கலச்செப்பிற்கு மூலமான இரத்தினகரண்டகத்தை அருளிய சமந்தபத்திர சுவாமிகளின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. எத்தனை உண்டாலும் அடங்காத பஸ்மக வியாதி அவரைப் பற்றியபோது, சல்லேகனை ஏற்க அனுமதி வேண்டினார். குரு மறுத்தார். முனிவேடத்தையும் விட்டுவிட்டு உண்டு நோய் தீர்ந்து வா, பின்னர் மீண்டும் தீட்சை பெறலாம் என்று அனுப்பினார் என்பது மரபு. முனிவர்க்கே அது விதித்தவிடத்து, இல்லறத்தாள் இரண்டு கரண்டி கஞ்சிக்கு அஞ்ச வேண்டுமோ? அந்நூலே சல்லேகனைக்கு உரிய காலங்களாக இடர், பஞ்சம், மூப்பு, பிணி என்பவற்றைச் சொல்லுமிடத்து, பரிகாரமற்றவை என்னும் அடையைச் சேர்க்கின்றது. மருந்துள்ள பிணியில் பட்டினி கிடப்பது அவ்வறத்துள் அடங்காது. காலவரையறை உடையது நியமம், வாழ்நாள் முழுதுக்குமானது யமம் என்றும் அந்நூல் பிரிக்கின்றது. சக்திக்கேற்ற தியாகம், சக்திக்கேற்ற தவம் என்பன பதினாறு பாவனைகளில் இரண்டு. சக்தி அளவிடப்படாத தவத்தை நம் ஆசாரியர்கள் எங்கும் கேட்கவில்லை.

அம்மூத்தவரின் அச்சம் பொய்யென்று நாம் தள்ளவில்லை. இன்று இரவில் கஞ்சி, நாளை எதுவும் ஆகலாம் என்பது அவர் கவலை. அதற்கு வழியுண்டு. எத்தனை நாள் தளர்த்துவது என்பதைச் சிகிச்சைக்கு முன்னரே அவளே வரையறுத்து, துறவியர் முன்னோ ஜினாலயத்திலோ சொல்லிவிட்டு, தேறியபின் பிராயச்சித்தம் கேட்கலாம். அம்முடிவு அவளுடையதாக இருத்தல் வேண்டும்; வீட்டாருடையது அன்று. அவள் விடேன் என்று உறுதியாயிருப்பின், மாலைக்குள் சிறு சிறு அளவாகப் பலமுறை ஊட்டுவதும், குமட்டலுக்கான மருந்தை உணவுக்கு முன் தரக் கேட்பதும் பணிவிடை செய்வோர் கடமை. உண்ணாமை புறத்தவம், நோயுற்றார்க்குச் செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம். வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவும் மருமகள், அன்று உபவாசமிருக்கும் உறவினரினும் குறைந்தவள் அல்லள் என்பது நம் துணிபு. உபவாசம் இருப்போர் நம்மிடம் சினந்தாலும் சரி.

மூக்கின் குழாய் வழியே இரவெல்லாம் இறங்கும் சத்துநீர் உணவா மருந்தா என்று சிலர் வாதிடுவர். வாதம் நலமுற்றோர்க்கு உரியது. படுக்கையருகே அது வேண்டா.

முட்டை நிலை வேறு. அதற்கு மாற்று உண்டாதலால் தளர்த்த வேண்டியதில்லை. குழைய வெந்த பருப்பு, சோயா, மருத்துவர் ஒப்பினால் பன்னீர் ஆகியவற்றால் புரதத்தை ஈடுசெய்ய இயலும். சேர்க்கையின் முதல் நாளே உணவியல் அலுவலரிடம் நம் விலக்குகளைத் தாளில் எழுதித் தருதல் வேண்டும். எழுதித் தராவிடில், மூன்றாம் நாள் தட்டில் முட்டை வந்து, நோயாளி தட்டை அப்படியே திருப்பியனுப்பி, அன்றைய உணவே இல்லாமற் போகின்றது.