கருவியும் அணியும்: ஓர் அறவியல் நோக்கு

பாக்குவெட்டி மிக எளிய கருவி. ஒரு முனையில் ஆணியால் இணைக்கப்பட்ட இரு இரும்புத் தண்டுகள். ஒன்றிலே கூரிய அலகு, மற்றையதிலே பாக்கு அமரும் இடம். இவ்வளவும் இருந்தால் வேலை நடந்துவிடும். ஆயினும் கண்டி இராச்சியத்துக் கைவினைஞர் இதனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அலகின் முதுகிலே கொடிச்சுருள்களைச் செதுக்கினர்; இரும்பிலே வெள்ளியும் பித்தளையும் பதித்தனர்; சில பாக்குவெட்டிகளை விலங்குருவாகவே வனைந்தனர். இவற்றால் பாக்கு இலகுவில் வெட்டுப்பட்டதில்லை. அவ்வாறாயின் இந்த மேலதிக உழைப்புக்கு நியாயம் யாது? இவ்வினா அழகியலோடு முடிந்துவிடுவதன்று. ஒரு மனிதனுடைய நாட்கள் எதன்பொருட்டுச் செலவிடப்படலாம் என்பதும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

அவ்வுழைப்பு இத்தகையது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். இரும்பிலே வெள்ளி தானாக ஒட்டாது. சிற்றுளியால் வரி வரியாகச் சால் வெட்டி, அச்சாலின் அடிப்பகுதியைச் சற்று அகலமாக்கி, வெள்ளிக் கம்பியை அதனுள் இட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது மென்மையான வெள்ளி பரந்து சாலைப் பற்றிக்கொள்கின்றது. பின்னர் இரும்பும் வெள்ளியும் ஒரே மட்டமாகும்வரை அராவப்படும். தவறிய வெட்டு ஒன்றை அழித்தெழுத வழியில்லை. விரலால் தடவினால் ஒன்றும் உறுத்தாது. கண்ணுக்கு மாத்திரமே கொடி புலப்படும். கருவியின் பயனைக் கெடுக்காதவாறு அணி செய்யும் பொறுப்பு இத்தொழில்முறையிலேயே பொதிந்துள்ளது எனலாம்.

ஆங்கிலேய அறிஞரான ஜோன் இரஸ்கின் 1849இல் வெளியிட்ட ‘கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்’ என்னும் நூலில், தொழிலையும் அணியையும் கலத்தலாகாது எனக் கண்டிப்பாகக் கூறினார். மனிதன் ஓய்ந்திருந்து நோக்கக்கூடிய இடமே அணிக்குரியது என்பதும், உழைப்புக் கருவிகளுக்கு அது பொருந்தாது என்பதும் அவர் கருத்தாகும். பாக்குவெட்டி ஓய்வு வேளைக் கருவியாதலால் இவ்விதிக்குத் தப்பிவிடும். எழுத்தாணி தப்பாது. ஆனால் கண்டியில் எழுத்தாணிகளும் அணிபெற்றன. ஓலையில் எழுதியவன் ஓர் ஏட்டை முடித்து மறு ஏட்டை எடுக்கும் இடைவெளியில் தன் கையிலுள்ளதைப் பார்த்திருக்கமாட்டானா? கருவியை நெடுநாள் கையாண்டவன் எவனும், வேலை என்பது இடைவெளியற்ற ஓட்டம் என்று கருதமாட்டான். அதே நூலில் இரஸ்கின் வேறொரு அளவுகோலையும் தருகின்றார்: செதுக்கியவன் செதுக்கும்போது மகிழ்ந்தானா என்பது. முன்னைய விதியிலும் இதுவே ஆழமானது.

வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடோல்வ் லூஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘அணியும் குற்றமும்’ என்னும் கட்டுரையில் அணியை வீணாக்கப்பட்ட உழைப்பு எனச் சாடினார். அணி செய்பவனுக்கு உரிய கூலி கிடைப்பதில்லை என்ற அவரது முறைப்பாடு இன்றும் புறந்தள்ளற்பாலதன்று. வியப்பு யாதெனில், அவரே தமது சப்பாத்துத் தொழிலாளிக்கு விலக்களித்தமையாகும். சப்பாத்திலே அலங்காரம் செய்வதில் அத்தொழிலாளி காணும் இன்பத்தைப் பறிக்க அவருக்கு மனம் வரவில்லை. பரிவு மெய்யானதே. ஆயினும் உயர்ந்த கலையின்பம் தமக்கென்றும், சப்பாத்து வேலைப்பாடு அவனுக்கென்றும் வகுத்துக்கொண்ட பரிவு அது.

இங்கு ஆனந்த குமாரசுவாமியைக் குறிப்பிடாமலிருத்தல் இயலாது. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கிய அவர், கண்டிக் கைவினைகளை நேரில் ஆராய்ந்து 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்நூலையும் கையச்சிலேயே பதிப்பித்தார். சேவைக்கு ஈடாக நிலம் பெற்றிருந்த கைவினைஞன் சந்தைக்காக அவசரப்பட வேண்டியிருக்கவில்லை, அதனாலேயே அவன் வேலை சிறந்தது என்பது அவர் நோக்கு. இதில் உண்மையுண்டு. நாளை எண்ணிக் கூலி பெறுபவன் வெள்ளிக் கம்பியோடு அத்துணை பொறுமை காட்டமாட்டான். ஆனால் அந்நிலம் பிறப்பால் விதிக்கப்பட்ட சேவையோடு பிணைந்திருந்தது. இராசகாரிய முறை 1833இல் ஒழிக்கப்படும்வரை, பிரபு ஒருவர் கேட்ட பாக்குவெட்டியைச் செய்யமாட்டேன் என்று கூறும் உரிமை கொல்லனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? கொடி எங்கே வளைய வேண்டும் என்பதை அவன் தீர்மானித்திருக்கலாம். தான் கொல்லனாக இருக்க வேண்டுமா என்பதை அவன் தீர்மானிக்கவில்லை. குமாரசுவாமி முன்னையதைக் கண்ட தெளிவோடு பின்னையதைக் காணவில்லை என்றே சொல்லத் தோன்றுகின்றது. எனினும், அடிமைத்தனத்தின் சின்னமென அக்கொடியை ஒதுக்குவோரும் தவறுகின்றனர். கட்டளையிட்டவர் கேட்டது அணிசெய்த பாக்குவெட்டி மாத்திரமே. அதன் ஒவ்வொரு வளைவிலும் தெரியும் கவனத்தை எந்தக் கட்டளையாலும் பெற்றிருக்க இயலாது.

பிரபுவின் பாக்குவெட்டி வெள்ளி பூண்ட அதே நாட்டில், கமக்காரனின் மண்வெட்டி வெறுமையாகவே இருந்தது. அவனுக்கு அழகுணர்வு இல்லாமையால் அன்று; வெள்ளிக்கும் கொல்லனின் நாட்களுக்கும் அவனிடம் வழியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் நவராத்திரி முடிவில் புத்தகங்களோடு தொழிற்கருவிகளையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைப்பர். அன்று ஒரு நாள் மண்வெட்டியும் அணி பெறுகின்றது. அதனை இடுபவனும் அதனால் உழைப்பவனும் ஒருவனே. மறுநாள் தோட்டத்து ஈரமண்ணில் முதல் வெட்டு விழும்போதே அச்சந்தனம் கரைந்துவிடுகின்றது; அடுத்த ஆண்டும் அவன் இடுகின்றான்.