செலவழியாத பணம்

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியம்மா பொண்ணு போன வாரம் போனில் கேட்டாள். "டேய், நான் குடுத்த இருபது டாலர் என்னடா ஆச்சு?"

அக்கா அங்கே குடியுரிமை வாங்கி, முதல் தடவையாகப் பிரதிநிதிகள் சபை வேட்பாளர் ஒருவருக்கு நன்கொடை கொடுத்திருந்தாள். எதிரே வலுவான ஆள் யாரும் நிற்கவில்லை. அவர் சுலபமாக ஜெயித்தார். திரட்டியதில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. இந்த மாதிரிப் பணத்துக்கு அங்கே 'வார் செஸ்ட்' என்று பேர். போர்ப் பெட்டி. ஒரு காலத்தில் நிஜமாகவே பெட்டிதான், படைச் செலவுக்கு ஒதுக்கிவைத்த காசு. இன்று பெட்டி வங்கிக் கணக்காகிவிட்டது. போர் மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இது திருட்டு இல்லை. மிச்சத்தை அடுத்த தேர்தலுக்கு வைத்துக்கொள்ளலாம், கட்சிக்குத் தரலாம், அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம். சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது. அந்தத் தடையிலும் முதலில் ஒரு ஓட்டை இருந்தது. 1980 ஜனவரி 8 அன்று பதவியில் இருந்த உறுப்பினர்கள், ஓய்வுபெறும்போது மிச்சத்தை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். 1989இல் வந்த சட்டம்தான் அதை அடைத்தது. 1993இல் தொடங்கிய காங்கிரஸிலும் தொடர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகை போனது.

எனக்கு உறுத்துவது வேறு. 1976இல் 'பக்லி எதிர் வலேயோ' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரசாரச் செலவுக்கான உச்சவரம்பை ரத்து செய்தது. செலவைக் கட்டுப்படுத்தினால் பேச்சையும் கட்டுப்படுத்தியதாகும் என்பது வாதம். சரி, செலவழிக்கும் பணம் பேச்சு என்றால், செலவழிக்காத பணம்?

அதுவும் பேசுகிறது, ஆனால் வாக்காளரிடம் இல்லை. தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கும் ஒரு பள்ளி ஆசிரியையிடம், "வேண்டாம், தோத்துடுவ" என்கிறது. தேர்தல் ஆணையத்துக்குத் தரும் அறிக்கையில் கையிருப்பு எவ்வளவு என்று யாரும் பார்க்கலாம். வெளிப்படைத்தன்மைக்காக வந்த விதிதான். ஆனால் அதே அறிக்கை, உறையிலிருந்து பாதி உருவிக் காட்டிய வாளாகவும் ஆகிவிடுகிறது.

இந்த மிரட்டல் உண்மையில் பலிக்கிறதா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. நாளைக்கு ஒரு கோடீஸ்வரர் சொந்தக் காசைக் கொட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றால், சேமிப்பு இல்லாதவர் என்ன செய்வார் என்பதும் நியாயமான கேள்வி. நானும் அவசரத்துக்கென்று சர்வரில் இடம் ஒதுக்கிவைப்பவன்தான். ஆனால் என் சர்வரைப் பார்த்துப் பயந்து இன்னொருவர் சர்வர் வராமல் போவதில்லை.

ஒருவர் பேசுவதற்காக அக்கா கொடுத்த காசு, இன்னொருவர் வாய் திறக்காமலிருக்கப் பயன்பட்டிருக்கலாம். பயன்பட்டதா என்று அவளால் தெரிந்துகொள்ளவே முடியாது. நிற்காமல் போனவரின் பேர் எந்த வாக்குச் சீட்டிலும் இருக்காதே.

நன்கொடையைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. "அடுத்த தடவை, மிச்சம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு முதல்லயே கேட்டுடுக்கா" என்றேன்.

அக்கா சிரித்தாள். "ஜெயிக்கிற ஆள்கிட்டதான்டா மிஞ்சும். தோக்குற ஆளுக்குக் குடுத்தா கடைசி டாலர் வரைக்கும் பேசுவான்."

எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.