உன் வத்தலுக்கு நீ விலை சொல்!

குண்டாற்றில் தண்ணீர் வருவதே விசேஷம். கண்மாய் பாதி வருசம் காய்ந்து கிடக்கும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் அந்தக் கரிசல் மண்ணில் புரட்டாசியில் விதையைப் போட்டுவிட்டு, ஐப்பசி மேகத்தை நம்பி நிற்கிறாயே தங்கச்சி, அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? அப்படி முண்டு மிளகாய் எடுக்கிற உனக்கு, கமிஷன் கடை வாசலில் மட்டும் ஏன் குரல் கம்முகிறது?

வத்தலை மூடை மூடையாய்ப் போட்டுவிட்டு, சொன்ன விலையை வாங்கி முடிந்துகொண்டு, திரும்புகிற வழியில் மிளகாய்ப்பொடி பாக்கெட் வாங்குகிறாய். இதைவிட அநியாயம் உண்டா? பக்கத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைப் போட எல்லாருக்கும் உரிமை கிடையாதுதான். உன் ஊர்ப் பெயரைப் போடு!

பொடி செய்வது உன் அப்பத்தாவுக்குத் தெரிந்த வித்தை. செடியிலேயே சிவந்த பழத்தைப் பறி. இரண்டு மூன்று நாள் நிழலில் குவித்து வைத்தால் அரைப்பழமும் நிறம் ஏறும். வெறுந்தரையில் கொட்டாதே. தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பு, கிளறிவிடு, பனி இறங்குமுன் மூடு. ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ வத்தல்; அந்த உழைப்பைப் பூசணத்துக்குக் கொடுக்காதே. ஒரு வத்தலைக் காதோரம் ஆட்டிப் பார். உள்ளே விதை கலகலத்தால் காய்ந்துவிட்டது. காம்பைக் கிள்ளு, வெளுத்ததைத் தள்ளு. மில்லில் அரைத்த பொடியைச் சூட்டோடு அடைத்தாயோ, வியர்த்துக் கட்டி தட்டிவிடும். விரித்து ஆறவிட்டு, சலித்து அடை.

‘கடைப் பொடி கண்ணைப் பறிக்குது, என் பொடி மங்கலாயிருக்கே’ என்று கூசுகிறாயா? கூச வேண்டியவன் சாயம் கலக்கிறவன்! 2005இல், சூடான் என்ற செயற்கைச் சாயம் கலந்த மிளகாய்ப்பொடி சேர்ந்துவிட்டதால், பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். வாங்க வருகிறவர் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரை வை. உன் பொடியை மேலே தூவு. தண்ணீரில் கரையும் செயற்கைச் சாயம் இருந்தால் உடனே சிவப்புக் கோடு கோடாக இறங்கும். உன் பொடியில் அது நடக்காது. அவரே பார்க்கட்டும். இதைவிட என்ன விளம்பரம் வேண்டும் உனக்கு?

உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கென்றே எளிய பதிவு இருக்கிறது, அதை வாங்கிவிடு. ‘யார் வாங்குவா?’ என்று வீட்டுக்குள்ளேயே நாலு பேர் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தைப் போக்காதே, அவர்கள் குழம்பில் உன் பொடியைப் போடு.

எடுத்த வத்தல் அத்தனையையும் பொடியாக்கச் சொல்லவில்லை. இந்த வருசம் ஒரே ஒரு மூடையைக் கமிஷன் கடைக்கு அனுப்பாமல் நிறுத்து. கால் கிலோ, அரைக் கிலோவாகப் பொட்டலம் போடு. கூலியையும் மில் காசையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து விலை வை. சந்தையில் வந்து ‘என்ன விலை?’ என்று கேட்பார்கள். அப்போது ‘நீங்களே பாத்துக் குடுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதே!