ஔஷதமும் சாந்தியும்

பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் மாலைப் பூஜை முடிந்து நாங்கள் அமர்ந்திருந்த வேளையில், மெல்பர்னில் கல்வி முடித்துத் திரும்பியிருந்த என் தமையன் மகள், அங்கே தன் தோழி ஒருத்தி மனப்பதற்றம் தாளாமல் வைத்தியர் எழுதித் தந்த சிபிடி எண்ணெயை நாவில் சொட்டிக்கொள்வதைச் சொல்லி, "சித்தப்பா, இங்க உட்கார்ந்தா வர்ற அமைதியும் அந்தச் சொட்டுல வர்ற அமைதியும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. அதன்பின் பல இரவுகள் அதையே சிந்தித்திருக்கிறேன்.

கஞ்சாச் செடியிலிருந்து 1940இல் ரோஜர் ஆடம்ஸ் என்னும் ரசாயன அறிஞர் பிரித்தெடுத்த சிபிடி என்னும் இப்பொருள், அதே செடியிலுள்ள டிஎச்சியைப் போல மதிமயக்கம் தருவதன்று. 2011இல் பிரேசிலில், சபையில் பேச அஞ்சும் 24 பேரைக் கொண்டு நடத்திய பரீட்சையில், 600 மில்லிகிராம் சிபிடி உட்கொண்டவர்கள், வெற்று மருந்து உண்டவர்களைவிடக் கலக்கம் குறைந்து பேசினர். 24 பேர் என்பது சிறு தொகை. அதைக் கொண்டு எதையும் அறுதியிடலாகாது. நம் மலேசியாவிலோ 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் இச்செடியின்மீது மிகக் கடுமையானது. நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் வழங்கிய இளைஞர் ஒருவருக்கு 2018இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததை நான் மறக்கவில்லை. அயல்நாட்டு வழக்கத்தைக் கண்டு எவரும் அதை இங்கே தருவிக்கலாகாது. பதற்றத்தால் வருந்துவோர் வைத்தியரை நாடுவதே முறை.

அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் அதை அடக்குவதில் ஓர் அபாயமும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. பால்மரக் காட்டில் பகலெல்லாம் பட்ட அவமானத்தை மாலையில் மறக்கச் செய்த பானத்தையே அவர்கள் வேண்டாமென்றார்கள். சிபிடி கள் அன்று. ஆயினும் கடனாலோ, மேலதிகாரியின் கொடுமையாலோ விளைந்த பதற்றத்தைச் சொட்டினால் தணித்துவிட்டுக் கடனையும் கொடுமையையும் அப்படியே விட்டுவைப்பது, அவர்கள் மறுத்த வழியேயாகும்.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் கைவல்ய பாதத்தைத் தொடங்கும்போது, பிறப்பு, மந்திரம், தவம், சமாதி என்பவற்றோடு ஓஷதியையும், அதாவது மூலிகையையும், சித்திகள் தோன்றும் வழியாக ஒரே வரிசையில் வைக்கிறார். மருந்தால் மனம் மாறுவதை அவர் பழிக்கவில்லை. ஆனால் சில சூத்திரங்கள் கடந்ததும், தியானத்தில் பிறந்த சித்தமே வாசனையின், அதாவது பழைய பதிவின், மிச்சமற்றது என்கிறார். என் மகளொத்தவளின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறதென்று கருதுகிறேன்: மருந்து அலையைத் தணிக்கும், அலையெழுப்பும் பழைய பதிவை அது தொடுவதில்லை. எனினும் உறக்கமின்றி நெஞ்சு படபடக்கத் தவிப்பவளை நோக்கி, மருந்தைத் தொடாதே, மூச்சைக் கவனி என்பது இரக்கமற்ற உபதேசம்.

மலாயாவில் தோட்ட மருத்துவமனையில் பல்லாண்டு பணிபுரிந்து, பின்னர் ரிஷிகேசத்தில் துறவு பூண்ட சுவாமி சிவானந்தர், காவியுடுத்த பிறகும் வைத்தியத்தைத் துறக்கவில்லை. ஜபமும் தியானமும் போதித்த அவரே 1927இல் லட்சுமண ஜூலாவில் தர்ம மருந்தகம் ஒன்றையும் நடத்தினார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தமையன் மகளைக் காணும்போது, தோழியை மருந்தை விடச் சொல்லவேண்டாம் என்றும், அது தந்த உறக்கம் கலைந்த விடியற்காலையில் சிறிது நேரம் கண்மூடி அமர்ந்து பார்க்கச் சொல் என்றும் கூறலாமென்று இருக்கிறேன்.