கடைசி நொடியைக் கொண்டு கணக்கு எழுதலாமா?

மனநோயோடு பல வருஷம் மல்லாடிய ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட வீட்டில், பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. அவருக்கு நற்கதி உண்டா? இதற்கு நம்மிடையே ஒரு பதில் தயாராகவே இருக்கிறது. கீதையின் எட்டாம் அத்தியாயத்து ஆறாம் சுலோகத்தை எடுத்துக்காட்டுவார்கள். உடலை விடும் நேரத்தில் ஒருவன் எதை நினைக்கிறானோ அதையே போய் அடைகிறான் என்பது அதன் கருத்து. பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்திலிருந்து பரத மகாராஜாவையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அத்தனை தவம் செய்தவர், வளர்த்த மான்குட்டியை நினைத்தபடியே இறந்ததால் மானாகப் பிறந்தாரே, மனம் வெறுத்துப் போனவனுக்கு என்ன கதி கிடைத்துவிடும் என்பார்கள். சொல்பவருக்கு இது சாஸ்திர விசாரம். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு அது என்ன செய்யும் என்று அவர் யோசிப்பதில்லை. அந்தப் பதில் தவறு என்பதே இன்று நான் சொல்ல வந்தது. இரக்கப்பட்டுச் சொல்லும் ஆறுதலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சாஸ்திரத்தையும் மருத்துவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே சொல்கிறேன். நோயுற்ற மனத்தின் கடைசி நொடியை வைத்து ஓர் உயிரின் கணக்கை எழுத முடியாது. அதே காரணத்தால், அந்தக் கடைசி நாளை வைத்து ஒரு குடும்பத்தின் கணக்கையும் எழுத முடியாது.

மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட நூல். அதில் நான்காம் சூத்திரம் நமக்கு வேண்டிய இடம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கு அந்தக்கரணங்களும் உயிர் அல்ல என்று அது பிரித்துக் காட்டுகிறது. அவை மாயையிலிருந்து வந்த கருவிகள். உயிரோ வேறு. ஆனால் ஆணவ மலத்தால் மறைக்கப்பட்டிருப்பதால் உயிர் தானாக எதையும் அறிந்துகொள்ள முடிவதில்லை. அமைச்சர்களை வைத்துக்கொண்டு அரசன் ஆள்வதுபோல இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டே அது உலகத்தை அறிகிறது. இந்த உவமையைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். நான்கு அமைச்சர்களும் ஒன்றுபோலப் பொய்ச் செய்தி கொண்டுவந்தால் அரசன் என்ன செய்வான்? உன் சோற்றில் விஷம் இருக்கிறது, உன்னைப் பெற்றவர்களே உனக்குப் பகை, நீ இருப்பதால்தான் இந்த வீடு அழிகிறது, இனி ஒரு நாளும் விடியாது என்று இரவும் பகலும் அவர்கள் ஓதுகிறார்கள். சரிபார்க்க அவனிடம் ஐந்தாவது ஆள் இல்லை. மனச்சிதைவில் காதில் ஒலிக்கும் குரலும், கடும் மனச்சோர்வில் தான் எல்லோருக்கும் பாரம் என்று வரும் அசைக்க முடியாத நிச்சயமும் இப்படிப்பட்டவைதான். தனக்கு நோய் இருப்பதே தெரியாத நிலை மனச்சிதைவில் மிகச் சாதாரணம். அறிவு எங்கிருந்து வரவேண்டுமோ அங்கேயே நோய் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் நடந்ததை அரசனின் தீர்ப்பு என்று எப்படிச் சொல்வது?

இது வெறும் தத்துவம், நடைமுறைக்கு ஆகாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு மருத்துவ உண்மை. லித்தியம் என்பது ஓர் உப்பு. இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் அதை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் இப்படிப்பட்ட மரணங்கள் குறைகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனச்சிதைவு நோயாளிகளிடம் தற்கொலை முயற்சிகளைக் குறைக்கிறது என்பதற்காகவே குளோசபின் என்ற மருந்துக்கு 2002-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை தனியாக ஒப்புதல் தந்தது. ஓர் உப்பும் ஒரு மாத்திரையும் எண்ணிக்கையைக் குறைக்கின்றன என்றால், அந்தச் செயலைப் பாவ புத்தி என்று எப்படிப் பெயரிடுவது? பேராசையையோ பொறாமையையோ குறைக்கும் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லையே. மனச்சிதைவு வந்தவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. இதைத் திருப்பிப் போட்டும் படிக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அப்படி இறப்பதில்லை. இந்த நோயோடு வாழும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், எனக்கு முக்கியமான எண் இந்த இரண்டாவதுதான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2022-இல் நம் நாட்டில் பதிவான தற்கொலைகள் 1,70,924. கடன், குடும்பச் சண்டை, காதல், தேர்வு, உடல் நோய் என்று அவற்றுக்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் மனநோய் என்ற ஒரே பெட்டியில் போட்டு மூட நான் வரவில்லை. தீவிர மனநோய் இருந்த வீடுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

இப்போது கீதைக்குத் திரும்புவோம். கடைசி நினைவு முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசி நேரத்தில் நினைவே தன் வசத்தில் இல்லாதவனுக்கு என்ன வழி? இந்தக் கேள்வி நம் பெரியவர்களுக்குத் தோன்றாமல் இல்லை. பெரியாழ்வார் திருவரங்கத்துப் பெருமானிடம் இதைத்தான் முறையிடுகிறார். உடல் நலிந்து இளைக்கும் அந்தக் கடைசி வேளையில் உன்னை நினைக்க என்னால் முடியாது, ஆகவே இப்போதே சொல்லி வைத்துவிட்டேன் என்பது அந்தத் திருமொழியின் சாரம். அதற்குப் பெருமாள் தந்த பதில் எது என்று கேட்டால், வைணவர்கள் வராக சரம சுலோகத்தைக் காட்டுவார்கள். மனமும் உடலும் நலமாக இருக்கும் காலத்தில் என்னை நினைத்தவன், சாகும் நேரத்தில் கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும்போது, நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துப் போகிறேன் என்று பூமிப் பிராட்டிக்குப் பகவான் வாக்குக் கொடுக்கிறார். கவனியுங்கள், அங்கே கணக்கில் வருவது நலமான காலம். மனம் தெளிவாக இருந்தபோது அந்தப் பிள்ளை எப்படி இருந்தான், யாருக்கு என்ன செய்தான், எந்தச் சந்நிதியில் கைகூப்பினான் என்பதுதான் பேரேட்டில் ஏறுகிறது. நினைக்க முடியாதவனுக்குப் பதிலாக நினைக்கும் வேலையைப் பகவானே எடுத்துக்கொள்கிறார். பரதனைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மானாகப் பிறந்தும் முற்பிறவி நினைவு அவருக்கு மறக்கவில்லை. அடுத்த பிறவியில் ஜடபரதராகப் பிறந்து முக்தி அடைந்தார். அந்தப் பிறவியில் ஊர் அவரைப் பித்தன், மந்தன் என்றுதான் நினைத்தது!

தர்ம சாஸ்திரம் இப்படி இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் கூடாது என்கிறதே, கருட புராணம் பயமுறுத்துகிறதே என்று கேட்பீர்கள். உண்மை, அப்படிப்பட்ட வாக்கியங்கள் இருக்கின்றன. அறிந்து, வேண்டுமென்றே செய்யத் துணிகிறவனைத் தடுப்பதற்கான எச்சரிக்கைகளாகவே அவற்றை நான் படிக்கிறேன். இறந்துபோனவரின் தாயைத் தண்டிப்பதற்கு அவை எழுதப்படவில்லை. அந்த மரபேதான் துர்மரணம் அடைந்தவர்களுக்கென்று நாராயணபலி என்ற கிரியையை வகுத்திருக்கிறது. புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ‘சஸ்த்ரஹத பித்ரு மஹாளயம்’ என்று ஒரு வரி பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஆயுதத்தாலும் விபத்தாலும் பிற அகால வழிகளிலும் போனவர்களுக்கென்றே ஒதுக்கிய சதுர்த்தசி அது. வாசலை அடைத்துவிட்டவர்கள் ஒரு திதியை ஒதுக்கி வைத்திருப்பார்களா? மற்றச் சமயங்களும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இல் வந்த சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. கடுமையான மனக் கோளாறு பொறுப்பைக் குறைக்கும் என்று 1992-இல் வெளியான மறைக்கல்வி ஏட்டில் இருக்கிறது. தூங்குபவர், குழந்தை, புத்தி பேதலித்தவர் ஆகிய மூவரின் செயல்களையும் எழுதாமல் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்கிறது நபிமொழி. நம் நாட்டு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவும், உயிரைவிட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. சட்டப் புத்தகமே இவ்வளவு தூரம் வந்த பிறகு, சத்சங்கத்தில் இருப்பவர்கள் அதைவிடக் கடுமையாக இருப்பது எந்த வகையில் பக்தி என்று எனக்குப் புரியவில்லை.

இப்படிப் பேசினால் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடாதா என்பது நியாயமான பயம். அதனால்தான் ‘நிம்மதி அடைந்தான்’, ‘விடுதலை கிடைத்துவிட்டது’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. துக்க வீட்டில் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதே கூடத்தில் அதே நோயோடு, அதே வயதில் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கலாம். சாவை வழி என்று அவன் காதில் போட்டுவிடாதீர்கள். அவர் நோயால் இறந்தார், அந்த நோய்க்கு வைத்தியம் உண்டு, அது எல்லோரையும் கொல்வதில்லை என்று சொல்லுங்கள். இதில் துணிச்சல் கொடுக்கும் சொல் எதுவும் இல்லை. ஆபத்து மறைப்பதில்தான் இருக்கிறது. மாரடைப்பு என்று சொல்லி மூடிவிட்ட வீட்டில் அடுத்தவருக்கு அறிகுறி தோன்றினால் யாரிடம் போய்ச் சொல்வார்? ‘கீழ்ப்பாக்கம்’ என்று மனநல மருத்துவமனை உள்ள ஊரின் பெயரையே கேலிச் சொல்லாக்கி சினிமாவில் சிரித்துத் தீர்த்தவர்கள் நாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். அந்தச் சங்கிலியை முதலில் வார்த்தது இந்த வெட்கம்தான்.

குடும்பத்தின் பக்கம் வருகிறேன். பாரம் அதிகமாக இருப்பது இங்கேதான். சட்டப்படி போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து உடல் வீடு வந்து சேர்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் சேர்ந்துகொள்ளும். அந்த விசாரணைகள் ஒரு நாள் முடிந்துவிடும். வீட்டுக்குள் நடக்கும் விசாரணைக்கு முடிவே இல்லை. அப்பா மேஜை இழுப்பறையைத் திறந்து மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டைகளை எடுத்து, மருந்துச் சீட்டில் உள்ள தேதியோடு வைத்து எண்ணிப் பார்க்கிறார். எந்த நாளிலிருந்து நிறுத்தினான்? அக்காவின் போனில் எடுக்காமல் விட்ட ஓர் அழைப்பு. போன மாதம்தானே டிஸ்சார்ஜ் ஆகி வந்தான், முகம் தெளிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்களே! ஆனால் மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய முதல் மூன்று மாதம்தான் மிக ஆபத்தான காலம் என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. குணமாகிவிட்டான் என்று குடும்பம் மூச்சுவிடும் காலமும் அதுவேதான். இதை எத்தனை மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கும்போது வீட்டாரை உட்காரவைத்துச் சொல்கின்றன?

தடுக்கக்கூடியது என்று டாக்டர்களே சொல்கிறார்களே, அப்படியானால் நாங்கள் தடுக்கத் தவறியவர்கள்தானே என்று இந்த வீடுகளில் கேட்கிறார்கள். ஊர் முழுவதற்குமாகக் குறைக்க முடியும் என்பது வேறு, இன்னார் இந்த நாளில் இப்படிச் செய்வார் என்று முன்கூட்டி அறிவது வேறு. ஐம்பது வருஷத்தில் வெளிவந்த 365 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017-இல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. இதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் பட்டியலிட்ட அபாயக் காரணிகளை வைத்துக் கணித்ததும்கூடக் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடச் சிறிதளவே மேல் என்பது அதன் முடிவு. படித்தவர்களுக்கே எட்டாத ஒன்று அடுப்படியில் நின்ற அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வளர்ப்புச் சரியில்லை என்ற பழியோ இன்னும் பழையது. மருத்துவமே ஒரு காலத்தில் அதைச் சொன்னது. மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற உளமருத்துவர் எழுத, ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதைப் பொய்யாக்கிவிட்டன. நோய் வருவதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பரம்பரை என்றதும் எங்கள் ரத்தம்தானே என்று புதிதாக ஒரு குற்ற உணர்வைத் தொடங்கிவிட வேண்டாம். எந்தப் பெற்றோரும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அல்ல அது.

சில வீடுகளில் உண்மையாகவே தவறு நடந்திருக்கும். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று மருந்தை நிறுத்தியிருப்பார்கள். ஆத்திரத்தில் ஒரு கடுஞ்சொல் விழுந்திருக்கும். அதையெல்லாம் இல்லை என்று பூசி மெழுகினால் அவர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. தவறு தவறுதான், ஆனால் அது கொலை ஆகாது. தவறுக்கு நம் மரபு பிராயச்சித்தம் சொல்கிறது. எந்தப் பிராயச்சித்தத்துக்கும் ஓர் அளவும் ஒரு முடிவும் உண்டு. ஆயுள் முழுக்கத் தன்னைத் தானே தண்டித்துக்கொள்வது எந்த நூலிலும் பிராயச்சித்தமாக இல்லை. பல வருஷம் ராத்தூக்கம் இல்லாமல் காவல் இருந்தவர்களுக்கு, போன பிறகு உள்ளே ஒரு மூலையில் ‘அப்பாடா’ என்று தோன்றியிருக்கும். அதை வெளியே சொன்னால் ராட்சசன் என்பார்கள் என்று பயந்து விழுங்குகிறார்கள். களைத்த உடம்பின் பெருமூச்சு அது, பாசம் குறைந்ததன் அடையாளம் ஆகாது. கோபமும் வரும். நம் கிராமத்து ஒப்பாரியைக் கேட்டிருப்பீர்களே, செத்தவரைத் திட்டாத ஒப்பாரி உண்டா? விட்டுப் போனவரை உரிமையோடு ஏசி அழுவதற்கு அதில் இடம் இருக்கிறது. இந்த மாதிரிச் சாவு வீட்டில் மட்டும் பெண்களின் வாயைப் பொத்தி, போலீஸ் வருகிறது சும்மா இரு என்று அடக்கிவிடுகிறோம். அழ வேண்டிய அழுகை அழப்படாமலே தங்கிவிடுகிறது.

விட்டுப் போனவருக்கான கிரியையைப் போலவே இருப்பவர்களைக் காப்பதும் கடமை. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளம் வயதினர் 3,432 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், நெருங்கியவரைத் தற்கொலையில் இழந்தவர்கள், திடீரென இயற்கை மரணத்தில் இழந்தவர்களைவிடத் தாங்களும் முயன்று பார்க்கும் வாய்ப்பு 65 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. ஆகவே அந்த வீட்டில் யாருக்காவது தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், நானும் போய்விடுகிறேன் என்ற பேச்சு வந்தால், ‘விரக்தியில் சொல்கிறார்’ என்று விட்டுவிடாமல் நேராகக் கேளுங்கள், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மனநல டாக்டரிடம் கூடவே போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் நாள் முழுக்கத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா இதே வேலையைச் செய்கிறது. குழந்தைகளிடம், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளை வாயிலிருந்து தெரிந்துகொள்ளும். அப்பாவுக்கு மூளையில் ஒரு பெரிய நோய் இருந்தது, அதனால் இறந்துவிட்டார், நீ எதுவும் செய்யவில்லை என்று அதன் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். அந்தப் பிள்ளை இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் இதே பதிலைச் சொல்லுங்கள்.