தாங்குகிற மண்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் பாலோ ஒரு சிற்றூர். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் ரயில் பாதை 1909-இல் முடிந்தது. அந்தப் பாதையில் பெக்கோக்கைத் தாண்டி வரும் நிலையம் பாலோ. பாதை வந்த பின் காடு திருத்தப்பட்டு ரப்பர் பரவியது, பின்னாளில் செம்பனை. மலாய்க் கம்பம், சீனர் கடைத்தெரு, தமிழர் லயம் என்று ஊருக்குள் மூன்று உலகங்கள் அமைந்தன. சந்தையில் சந்தித்துக்கொண்டவர்கள் அந்தி சாய்ந்ததும் அவரவர் சாமியிடமும் அவரவர் மொழியிடமும் திரும்பினார்கள். இப்படிச் சேர்ந்த மக்கள் எந்தக் கட்டத்தில் ஒரே நாட்டினர் ஆகிறார்கள்? வரலாறு இதற்கு ஒரு தேதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு இது அறத்தின் கேள்வியாகவே படுகிறது.

தேதிகளுக்குக் குறைவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826-இல் நீரிணைக் குடியேற்றங்களாயின. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் 1896-இல் ஒரு கூட்டமைப்பாயின. கெடா முதல் திரெங்கானு வரையிலான வட மாநிலங்கள் 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டனின் பிடிக்கு வந்தன. ஜொகூர் கடைசிவரை ஒதுங்கி நின்று 1914-இல்தான் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றது. இவற்றை ஒன்றாக்குவது காகிதத்தில் எளிது என்று லண்டன் நம்பியது. 1945 இறுதியில் பிரிட்டன் அனுப்பிய தூதர் மெக்மைக்கேல் அரண்மனை அரண்மனையாகச் சென்று சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கினார். 1946 ஏப்ரல் 1-இல் மலாயன் யூனியன் பிறந்தது. அது பரந்த குடியுரிமைக்குத் திட்டமிட்டது, தோட்டத் தமிழருக்கும் கதவைத் திறப்பதாக இருந்தது. ஆனாலும் இரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1946 மே மாதமே ஜொகூர் பாருவில் டத்தோ ஓன் ஜாபார் தலைமையில் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ உருவானது. மலாய் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைக் குறுகிய மனம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 1947 கணக்கெடுப்பில் மலாயாவில் மலாய்க்காரர்கள் பாதிக்குச் சற்றே குறைவாக இருந்தார்கள். தோட்டம் வேண்டுமா, சுரங்கம் வேண்டுமா, அதற்கு ஆள் வர வேண்டுமா என்று அவர்களை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமல் ஏற்றிய சுமைக்குக் கேட்காமலே ஒரு சட்டமும் வந்தால் மனம் எப்படி இணங்கும்? 1947-இல் மலாயா இந்தியர் காங்கிரசும் (ம.இ.கா.) பங்குகொண்ட கூட்டணி ஒன்று மக்கள் அரசியலமைப்பை வரைந்தது. குடிமக்கள் எல்லோருக்கும் 'மெலாயு' என்ற ஒரே தேசியப் பெயரை அது முன்வைத்தது. பிரிட்டன் அதைப் புறக்கணித்து 1948 பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசை நிறுவியது. அவ்வாண்டு ஜூனில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது. லட்சக்கணக்கானோர் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள்.

எல்லைக்கோடும் கையெழுத்தும் நாட்டை ஆக்கவில்லை என்றால் வேறு எது ஆக்கும்? திருக்குறளின் 'நாடு' அதிகாரத்தில் நமக்கு ஒரு விடை உண்டு. குறையாத விளைச்சல், நல்லோர், செல்வர், பசியும் பிணியும் பகையும் இல்லாமை, உட்பகைக் குழுக்கள் இல்லாமை என்று பலவற்றை வள்ளுவர் சொல்கிறார். குருதியைப் பற்றியோ குலத்தைப் பற்றியோ அங்கே பேச்சே இல்லை. ஒரு குறள், பிற இடத்துச் சுமையெல்லாம் ஒருசேர வந்தாலும் தாங்குவதை நாட்டின் இலக்கணமாக வைக்கிறது. பரிமேலழகர் அதை இன்னும் விரிக்கிறார். பகைவர் படையெடுப்பாலோ, கொடுங்கோலாலோ, உணவில்லாமையாலோ வேற்று நாட்டு மக்கள் வந்து சேர்ந்தால், தத்தம் நாட்டில் இருந்ததுபோல அவர்களை இனிதாக வாழவைப்பதுதான் தாங்குதல் என்கிறார். ஜொகூருக்கு வந்தவர்களைப் பாருங்கள். ஜொகூரை அன்று ஆண்ட தெமெங்கோங்குகளிடம் ஆற்றுரிமைச் சீட்டு வாங்கி கம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனர், ஜாவாவிலிருந்து வந்து தென்னையும் பாக்கும் வைத்தவர்கள், கங்காணியின் பின்னால் கப்பலேறிய தமிழர். பெரும்பாலோரைத் துரத்தியது உரைகாரர் சொன்ன அந்த மூன்றில் ஒன்றுதான்.

வந்தவர் இனிதிருக்க வேண்டுமானால் அவருடைய தெய்வத்துக்கும் இடம் வேண்டும். ஜொகூர் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. சுல்தான் அபு பக்கார் காலத்தில், 1895-இல் எழுதப்பட்ட ஜொகூரின் அரசியலமைப்பு இஸ்லாத்தை மாநிலச் சமயமாக அறிவித்தது. பிற சமயத்தவர் அமைதியோடும் இணக்கத்தோடும் தம் சமயத்தைப் பின்பற்றலாம் என்றும் சேர்த்தே எழுதியது. 62 ஆண்டுகள் கழித்து மலாயாவின் அரசியலமைப்பு, மூன்றாம் பிரிவில், கிட்டத்தட்ட அதே சொற்களில் அதே ஏற்பாட்டைச் செய்தது. அந்த அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் இப்படி ஒரு பிரிவைப் பரிந்துரைக்கவில்லை. ஆணைய உறுப்பினரான பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீது தனிக் குறிப்பில் வேண்டினார், அம்னோ தலைமையிலான கூட்டணிக் கட்சிகளும் கேட்டன, இடம்பெற்றது. அரசுக்கு ஒரு சமயம் இருக்கும்போது மற்றவர் விருந்தாளிகள்தானே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் வலு இருக்கிறது. தோட்டம் கைமாறும்போது அங்கிருக்கும் மாரியம்மன் கோயில் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்ற வழக்கு எழும்போதும் அதே கேள்வி திரும்ப வருகிறது. ஆனால் அனுமதியாகத் தொடங்கிய ஒன்று அரசியலமைப்பில் ஏறியபின் அது கொடுத்த வாக்கு. அனுமதியைத் திரும்பப் பெறலாம், வாக்கை மீறத்தான் முடியும். விருந்தாளிக்கு வழக்குமன்றம் ஏறும் உரிமை இல்லை. இங்கே வாழ்பவருக்கு உண்டு; தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைப் பதினோராம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தருகிறது.

ஒரே இரத்தமோ சமயமோ மொழியோ இல்லாமல் எந்த நாடும் நிலைக்காது என்பது பழைய வாதம். நிகழ்ந்தவை அதை ஆதரிக்கவில்லை. ஒரே சமயத்தை நம்பி எழுந்த பாகிஸ்தான் 1971-இல் உடைந்தது. ஒரே ஆட்சிமொழியும் ஒரே அடிமை வரலாறும் கொண்ட மேற்கிந்தியத் தீவுகளின் கூட்டமைப்பு 1958-இல் தொடங்கி 1962-இல் கலைந்தது. மலாயாவோ 1963 செப்டம்பர் 16-இல் சாபா, சரவாக், சிங்கப்பூரைச் சேர்த்துக்கொண்டு மலேசியாவாகி, 1965-இல் சிங்கப்பூரை இழந்து, 1969 மே 13 இனக்கலவரத்தின் இரத்தத்தையும் கடந்து நிற்கிறது. ஒருவர் பாரத்தை மற்றவர் எந்த அளவுக்கு ஏற்றார்களோ அந்த அளவுக்கு நின்றது. ஏற்க மறுத்த இடத்தில் பிரிந்தது, அல்லது புண்பட்டது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. 1957 விடுதலைக்கான உடன்பாடு தலைவர்கள் மேசையில் செய்தது. பாலோவைச் சுற்றிய தோட்டங்களில் பால் வெட்டியவரை யாரும் கேட்கவில்லை. அப்படியிருக்க அவர் எப்படி அதற்குக் கட்டுப்பட்டவர் ஆவார்? கேட்கவில்லை என்பது உண்மை. அதனால் கடன் கூடுவது நாட்டின் பக்கம்தான். பேசி இணங்கியவரிடம் பேரம் முடிந்தது எனலாம், கேட்கப்படாமலே உழைத்தவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய சம்மதத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, 1960-இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். திரும்பிப் போக நினைத்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். இந்த மண்ணின் சுமையில் ஒரு பங்கைத் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள்.

மறுபக்கம் நாடு தன் பங்கை முழுதாகச் செலுத்தவில்லை. 1957-இல் மெர்டேக்கா என்னும் விடுதலை நாளிலிருந்து இங்கே பிறந்தவர் குடிமக்கள் என்று வகுத்த விதி 1962-இல் இறுக்கப்பட்டது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை வரை வாழ்ந்த தோட்டத் தமிழர்கள் உண்டு. 2024 அக்டோபரில் மக்களவை குடியுரிமைப் பிரிவுகளைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை வர வழி செய்தது, அது வரவேற்கத்தக்கது. அதே திருத்தம் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் இயல்பான உரிமையை எடுத்துவிட்டது. பரிமேலழகர் சொன்ன இலக்கணத்தின்படி இது தாங்குதல் ஆகாது. பாட்டன் வெட்டிய பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டுப் போன பிறகும் பேரப்பிள்ளை விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்க வேண்டும் என்றால், அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை 1957 இன்னும் வந்து சேரவில்லை.